பேர் சொல்லாமல் அரைத்தது

பேர் சொல்லாமலும் சாமியிடம் கேட்கலாம் என்று எனக்கு முதலில் சொன்னது எதிர்வீட்டுப் பாப்பாத்திதான், அம்மிணி. போன தீபாவளி கழிந்து மறுவாரம். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "யாரு செஞ்சாங்கன்னு தெரியலைன்னா என்னக்கா? யாரு செஞ்சாங்களோ அவியளைக் கேளு ஆத்தான்னு சொல்லிப் பூசிட்டு வந்துருங்க. அவளுக்குத் தெரியாததா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

நீயும் கோயில் ஸ்டாப்பில்தான் இறங்குகிறாயா? சாமி கும்பிட இல்லையா, பக்கத்தில் வேலையா. சரி, சரி. அந்தக் கோயில் வழக்கம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாதா? இந்தக் காலத்துப் பிள்ளைகள்! நகை களவு போனவர்கள், நிலத்தில் ஏமாந்தவர்கள், போலீசுக்குப் போய் ஒன்றும் நடக்காதவர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். வரமிளகாயை அம்மியில் அரைத்து, ஆத்தாளுக்கு முன்னால் இருக்கிற கல்லில் பூசுவார்கள். பூசின நேரத்திலிருந்து தப்புச் செய்தவனுக்கு எரிய ஆரம்பிக்கும் என்பார்கள். நியாயம் கிடைத்த பிற்பாடு, பூசினவரே திரும்பி வந்து அந்தக் கல்லுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர வைக்க வேண்டும். அதுவரைக்கும் அது எரிந்துகொண்டே இருக்கும்.

நான் எதற்கு அரைத்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். கபடி டீமுக்காக.

சிரித்துக்கொள், பரவாயில்லை. என் மகள்கூட அப்படித்தான் போனில் சிரித்தாள். ஆனால் எங்கள் வீட்டில் இருந்து பார்த்திருந்தால் சிரித்திருக்கமாட்டாய்.

எங்களுக்குத் தாராபுரம். அமராவதி காளைகள் என்று டீம் இருக்கிறது, டிவியில் பார்த்திருப்பாய். எட்டு ஊர் டீம் ஆடுகிற லீக். அதில் சென்னை, மதுரை, கோயமுத்தூர் எல்லாம் பெரிய ஊர், பெரிய பெரிய முதலாளிகள். நாங்கள் நடுவாந்திரம். ஒரேயடியாகக் கடைசியில் வந்தாலாவது ஒரு தரம் அழுது தீர்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். எங்கள் டீம் எப்போதும் நாலாவது, அஞ்சாவது. அரையிறுதி வரைக்கும் போய் வாசல்படியில் விழும். ஆசை காட்டிக்கொண்டே இருக்கும்.

என் வீட்டுக்காரர் கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். பேர் மௌனசாமி. பேரில்தான் மௌனம். மேட்ச் நடக்கும்போது அவர் போடுகிற சத்தத்தில் தெருநாய்கூட எங்கள் வாசல் பக்கம் வராது. வாழ்நாள் முழுக்கக் கம்பத்தில் ஏறி இறங்கின மனுஷன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. இந்த ஒன்றுதான். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் பார்க்கப் பார்க்க எனக்கும் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்குப் போடும்போது பிள்ளைகள் பேரைச் சொல்லி, கடைசியில் டீமுக்கும் ஒரு வேண்டுதல் சேர்த்துக்கொள்வேன்.

அவருக்கு இருந்த ஆத்திரமெல்லாம் டீம் முதலாளி மேல்தான். நாட்ராயன் என்று பேர். மாட்டுத்தீவன மில் வைத்திருக்கிறார். "கல்யாண மண்டபத்துக்குப் பளிங்கு எறக்கறான், பாடிப் போறதுக்கு ஒரு ஆளை வெச்சுக்க மாட்டேங்கறான்" என்பார். ஒவ்வொரு வருஷமும் ஆட்டக்காரர்களை ஏலம் விடுவார்கள் இல்லையா, அன்றைக்கு எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். எவன் நன்றாக ஆடினானோ அவனை விட்டுவிடுவார்கள். அவனுக்குப் பதில் முட்டி தேய்ந்தவன் ஒருத்தன், மீசை முளைக்காதவன் ஒருத்தன். "கண்ணபுரம் சந்தைக்குப் போயி, மாட்டை விட்டுப்போட்டு மூக்கணாங்கயிறை வாங்கிட்டு வர்றவன்டா இவன்" என்று டீக்கடையில் இவர் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு அந்த வருஷம் நன்றாக ஆடின பையன் பேரை வைத்தார்கள். குழந்தை குப்புற விழுவதற்குள் அவன் மதுரைக்கு ஆடப் போய்விட்டான்.

அப்படி இருக்கும்போது பூவரசன் வந்தான்.

மூலனூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற வீட்டுப் பையன். கறுப்பாக, ஒல்லியாக, வாழைத்தண்டு மாதிரி இருப்பான். பாடிக்கொண்டு அவன் கோட்டைத் தாண்டினால் எதிரில் இருக்கிற ஏழு பேரும் பின்னால் போவார்கள். யாரைத் தொட்டான், எப்போது தொட்டான் என்று தெரியாது. திரும்பி வந்து கோட்டை மிதித்துவிட்டுத்தான் சிரிப்பான். என் மகன் லோகநாதன் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவான். கொள்ளுப்பருப்பு கடைந்தால் தட்டை நக்காத குறையாகச் சாப்பிடுவான். "அம்மாங்க, எங்கூட்டுல இந்தப் பதம் வராதுங்க" என்பான். என் வீட்டுக்காரர் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அவன் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார், கோயில் மாட்டைப் பார்க்கிற மாதிரி.

லோகு டீம் ஆபீசில்தான் வேலை பார்க்கிறான். எம்.பி.ஏ. படித்தவன். டிக்கெட், பனியன், வெளியூர் போனால் பஸ் ஏற்பாடு, அந்த மாதிரி ஏதோ. எந்நேரமும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு நம்பராக வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை எட்டிப் பார்த்தேன். பூவரசன் பேர் இருந்தது, பக்கத்தில் நிறைய நம்பர் இருந்தது. "பனியன் சைஸாடா?" என்று கேட்டேன். "ஆமாம்மா" என்றான். நான் எட்டாவது படித்தவள், எனக்கு என்ன புரியும்?

போன ஐப்பசியில் ஏலம். இவர் காலையிலேயே குளித்து, திருநீறு பூசி டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அமராவதி காளைகள் பூவரசனை விடுவித்துவிட்டது என்று கோட் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். சென்னைக்காரர்கள் கையைத் தூக்கினார்கள், முடிந்தது. பிற்பாடு எங்கள் டீம் யார் யாரையோ நாலு பேரை எடுத்தது. அரியலூர்க்காரன் ஒருத்தன், ஒடிசாப் பையன் ஒருத்தன், இன்னும் ரெண்டு பேர். ஒருத்தன் பேரும் யாருக்கும் தெரியாது.

நான் அவர் கத்துவார் என்று காதைப் பொத்திக்கொண்டேன். கத்தவில்லை, அம்மிணி. டிவியை அணைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வாய்க்கால்மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். முப்பத்திநாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் கத்தாமல் இருந்து எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. பிரஷர் ஏறி டாக்டர் திட்டினார். சாயங்காலம் சாப்பிடும்போது லோகு மெதுவாக, "அப்பா, ஒரே ஆளை நம்பி டீம் இருக்கக் கூடாதுப்பா. அவன் ஒருத்தனுக்குக் குடுக்கற காசுல நாலு பேரு வரும்" என்றான். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ பனியன் மடிக்கற சோலியப் பாரு. பூவரசனை வித்தவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்றார். லோகு தண்ணீர் குடித்தான். அப்பாவை எதிர்த்துப் பேசுகிற பையன் இல்லை அவன். நான் அவனை அப்படி வளர்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பாப்பாத்தி வேலியோரம் நின்று அதைச் சொன்னது.

நான் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போனேன். வீட்டில் பழனிக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். பழனியும் சாமிதான், இதுவும் சாமிதான், அதில் பொய் ஒன்றும் இல்லை. அம்மிக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை மிளகாய் விற்றுக்கொண்டிருப்பாள், ஒற்றைக் கண்ணில் பூ விழுந்தவள். வாங்கி அரைத்தேன். நெடி தாங்காமல் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக ஊற்றியது. நாட்ராயன் பேரைச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். கல்லுக்கு முன்னால் நின்றதும் வாய் வரவில்லை. ஒரு மனுஷனைப் பேர் சொல்லிச் சாமியிடம் மாட்டிவிடுவதா? எறும்புப் புற்றில் வெந்நீர் ஊற்றாதவள் நான். பேர் சொன்னால் சாபம். சொல்லாமல் விட்டால் நியாயம். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. "ஆத்தா, பூவரசனை இந்த டீமை விட்டு அனுப்பினது யாரோ, எங்க வீட்டுச் சோத்துல மண்ணைப் போட்டது யாரோ, அவங்களை நீ கேளு" என்று சொல்லிப் பூசினேன்.

கை கழுவும்போது அந்த மிளகாய்க்காரி, "பேரு சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. யாரோ அவங்களைன்னு சொன்னேன்."

அவள் மிளகாய்ச் சாக்கை இழுத்து மூடினாள். "ஊட்டுல எத்தனை பேரு?" என்றாள்.

வியாபாரம் பண்ணுகிறவர்கள் இப்படித்தான் ஊர்க்கதை கேட்பார்கள். சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த பிறகு நான் வீட்டில் மறைக்கவில்லை. சாப்பாடு போடும்போது சொல்லிவிட்டேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அடி சக்கைன்னானா! தொளசி, நீயாடி இது? நாட்ராயன் ஒழிஞ்சான் போ!" என்று அன்றைக்குத்தான் ரெண்டாந்தரம் சோறு கேட்டார். லோகு மட்டும் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"முதலாளி பேரைச் சொன்னியாம்மா?"

"இல்லடா. யாரு செஞ்சாங்களோன்னு பொதுவா சொன்னேன்."

"பேரே சொல்லலையா?"

"உங்கம்மா என்ன அவ்வளவு கல்நெஞ்சக்காரியா?"

அவன் எழுந்து போய் கை கழுவினான். ரசத்தில் உப்புக் கூடிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் கோச் தங்கவேலு மாஸ்டருக்கு வயிற்றில் எரிச்சல் வந்தது. முதலில் கேஸ் என்றார்கள். பிறகு புண் என்றார்கள். தண்ணீர் குடித்தாலும் துடிக்கிறாராம். ஊருக்குள் விஷயம் எப்படித் தெரிந்ததோ தெரியாது. பாப்பாத்தி சொல்லியிருக்க மாட்டாள், சொன்னாலும் ஒரு ரெண்டு பேரிடம் சொல்லியிருப்பாள். ரேஷன் கடையில் எனக்கு வழிவிட்டார்கள். மளிகைக் கடைக்காரர், "அக்கா, எம் மேல ஒண்ணும் வருத்தமில்லையே?" என்று கேட்டுவிட்டு அரைக் கிலோ சர்க்கரைக்கு மேலேயே நிறுத்துப் போட்டார். இவர் டீக்கடையில் சிங்கம் மாதிரி உட்கார்ந்துகொண்டு, "கோச்சும் கூட்டுதான்டா. மொதல்ல வாலு, அடுத்தது தலை" என்றாராம்.

லோகு மாஸ்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு சொன்னான்.

"மாஸ்டர் பச்சைத் தண்ணி குடிச்சாக்கூட மொளகாப்பொடி குடிச்சாப்பல இருக்குதுங்கறாரும்மா."

"ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா."

"போதும்மா. போயி அந்தக் கல்லுக்கு எண்ணெய் வெச்சுட்டு வந்துரு."

"எப்படிடா? நாட்ராயன் இன்னும் குத்துக்கல்லாட்டம்தானே இருக்கான். பாதியில எந்திரிச்சு வந்தா சாமிக்கு ஆகுமா?"

அவன் திரும்பி அறைக்குள் போய்விட்டான். படித்தவன் இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் நம்பமாட்டான் என்று நினைத்திருந்தேன். அவன் எனக்காகக் கவலைப்பட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாட்ராயனைப் பார்க்க வேண்டுமே! தை மாசம் மண்டபம் திறந்தார். பட்டு வேட்டியும் சந்தனமுமாகப் பளபளவென்று நிற்கிறார். எனக்குத் தாம்பூலப் பை கொடுத்து, "லோகுவோட அம்மாதானே? பையனைத் தங்கமா வளத்திருக்கீங்க. ஆபீசே அவந்தான்" என்றார். பனியன் மடிக்கிற பையனைப் போய் இப்படிச் சொல்கிறாரே, குற்றமுள்ள நெஞ்சு, நம்மைக் குளிரவைக்கப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சீசன் ஆரம்பித்தது. முதல் மூன்று மேட்சும் தோல்வி. இவர் சந்தோஷமாகத் தோற்றார், தான் சொன்னது பலித்தது என்று. அப்புறம் என்ன ஆயிற்றென்றால், அந்த நாலு பையன்களும் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒடிசாப் பையன் காலைப் பிடித்தால் யானைகூட நகராது. மதுரையை அவர்கள் மண்ணிலேயே ஜெயித்தோம். சென்னையைக்கூட, பூவரசன் ஆடிய சென்னையை, ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். இவர் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். "இந்தப் பசங்களை எவன்டா கண்டுபுடிச்சான்? அவனுக்கு மோதிரம் போடோணும்டா! லோகு, உங்காபீசுல எவன்டா அவன்?" என்று கூப்பிட்டார்.

லோகு அறைக்குள்ளிருந்து வரவில்லை. அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். ஈரத்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான். துண்டை எடுத்தேன். முதுகுத்தண்டிலிருந்து விலாப் பக்கமாகக் கொப்புளம் கொப்புளமாக, சிவப்பாக, ஒரு பட்டை மாதிரி. அக்கி.

"எத்தனை நாளாடா?"

"கொஞ்ச நாளா. எரியுதும்மா."

அவ்வளவுதான் சொன்னான். அந்த வார்த்தையை அவன் சொன்ன விதம் இருக்கிறதே.

டாக்டரிடம் போனோம், மாத்திரை கொடுத்தார், சரியாகிவிடும் என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. மண்பானை செய்கிற வீட்டுப் பெரியவர் ஒருத்தர் காவி கரைத்து அக்கி எழுதுவார், அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எழுதிக்கொண்டே வந்தவர் வயிற்றுப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டார். "ரெண்டு பக்கமும் சுத்தி வருது தாயி. முன்னால வந்து தலையும் வாலும் முட்டிக்கக் கூடாது, முட்டினா உசுருக்கு ஆகாது. முட்டாமப் பாத்துக்க" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

அந்த வாரம்தான் பூவரசன் வீட்டுக்கு வந்தான். மேட்சுக்கு நடுவில் லீவாம். புதுச் சட்டை, கையில் நெய் மைசூர்பாகு. இவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். லோகு தூங்கிக்கொண்டிருந்தான். நான் அவனை உட்காரவைத்து அழுதுவிட்டேன். "உன்னைப் போயி அனுப்பிட்டானுகளே சாமி" என்றேன்.

அவன் பதறிவிட்டான். "ஐயோ அம்மாங்க, அழுவாதீங்க. நான் நல்லாத்தானுங்க இருக்கேன். ஊட்டுக்கு ஓடு போட்டுட்டேன், எங்கம்மாளுக்குக் கண்ணு ஆப்ரேஷன் ஆச்சுங்க. எல்லாம் லோகண்ணன் புண்ணியம்."

"லோகுவா?"

"ஆமாங்க. மொதலாளி என்னை உடமாட்டேன்னுதானுங்க நின்னாரு. அண்ணந்தான் கம்ப்யூட்டர்ல போட்டுக் காமிச்சு, இவனை உட்டா நாலு பேரு எடுக்கலாம், இவனுக்கும் நல்ல சம்பளம் வரும்னு மாஸ்டர்கிட்டப் பேசி, அப்பறம் மொதலாளியச் சம்மதிக்க வெச்சாருங்க. கெளம்பற அன்னைக்கு மொதலாளி என் கையப் புடிச்சுட்டு அழுதுட்டாருங்க. அண்ணன் சொல்லலீங்களா?"

நான் உள்ளே போய் அவனுக்கு மோர் கரைத்தேன். ரொம்ப நேரம் கரைத்தேன்.

அவன் போன பிறகு லோகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவனே சொன்னான். "நான்தாம்மா. அன்னைக்கே சொல்லியிருப்பேன். அப்பா அப்படிச் சொல்லிட்டாரு, அப்பறம் நீ இப்படிப் பண்ணிட்டு வந்தே. நீ பேரு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்மா. யாரோன்னு சொன்னே பாரு..." என்றவன் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அவர் மோதிரத்துக்கு அளவு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் யோசித்துப் பார்த்தேன் அம்மிணி. ராத்திரி பகல் யோசித்தேன். என் பிள்ளை மேல் என்ன தப்பு? கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான், அவ்வளவுதான். சரி என்று சொன்னது யார்? டீம் யாருடையது? காசு யாருடையது? சம்பளம் வாங்குகிறவன் சொல்கிறதைச் சொல்வான், முதலாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தானே? அப்படிப் பார்த்தால் பூவரசனை அனுப்பினது நாட்ராயன்தான். நான் முதலில் நினைத்ததுதான் சரி. ஆத்தாளுக்குத்தான் யார் என்று பிடிபடவில்லை. பிடிபடாமல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டாள். நான் பேர் சொல்லாமல் விட்டதால் வந்த குழப்பம், வேறொன்றும் இல்லை.

போன செவ்வாய் எண்ணெய்க் கிண்ணத்தோடு கோயிலுக்கு வந்தேன். அந்த மிளகாய்க்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "எரியறவங்க எரிஞ்சுட்டு இருக்கையில நடுவுல குளிர வெக்கக் கூடாதுங்க. நியாயம் முடியலைன்னு அர்த்தம். முடியாத நியாயத்தை மூடுனா, அரைச்ச ஊட்டுலதான் வந்து உக்காரும்" என்றாள்.

"அப்ப பேரு சொல்லி மறுபடி அரைக்கறேன்" என்றேன்.

"நீங்க அம்மியத் தொடக் கூடாது. ஒரு வழக்குக்கு ஒரு கைதான்."

"வேற ஒருத்தர் அரைச்சுக் குடுத்து, நான் பேரைச் சொல்லிப் பூசினா?"

 அவள் மிளகாயைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். கூடாது என்று அவள் சொல்லவில்லை, அம்மிணி. நீயே சொல்லு, கூடாதென்றால் சொல்லியிருப்பாள்தானே?

பாப்பாத்தியைக் கூப்பிட்டேன். வீட்டில் வேலை இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிறாள். மகளைக் கூப்பிட்டேன். "ஏம்மா, நாட்ராயன் மாமாதான தம்பியைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகக் காரு குடுத்தாரு? அவரு பேரையா சொல்லப் போறே?" என்று கத்தினாள். கொடுத்தார்தான். நான் இல்லை என்று சொல்லவில்லையே. நல்ல மனுஷன்தான். அவருக்கும் ரெண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரியவளுக்கு வைகாசியில் கல்யாணம், பத்திரிகைகூட வந்தது. நானும் ஒரு தாய்தானே, எனக்குத் தெரியாதா? அவருக்குக் கெடுதல் வரவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கில் இப்போது அவர் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு பேர் வேண்டும். நாமாகப் பேர் கொடுக்காவிட்டால் ஆத்தா அங்கே இருப்பதைத்தான் எடுத்துக்கொள்வாள்.

இன்றைக்குக் காலையில் லோகுவுக்கு வேப்பிலைத் தண்ணீர் வைத்துத் துடைத்துவிட்டேன். வயிற்றுக்கு முன்னால் ரெண்டு பக்கமும் வந்துவிட்டது. நடுவில் தொப்புளுக்கு மேலே கொஞ்சம் நல்ல தோல் இருக்கிறது. என் ரெண்டு விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல்தான் படிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, "எங்கம்மா கெளம்பிட்டே?" என்று கேட்டான். பழனிக்குடா என்றேன்.

அதோ கோபுரம் தெரிகிறது. அடுத்த ஸ்டாப்தான். நீ பயந்துகொள்ளாதே கண்ணு. உனக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உனக்கு யார் மேலும் வருத்தம் கிடையாது. அதனால் உன்னை ஒன்றும் செய்யாது. மிளகாய் வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிட்டேன், காம்பு கிள்ளி வைத்திருக்கிறேன். ஒரு கைப்பிடிதான் இருக்கும். அம்மியில் நாலு இழுப்பு இழுத்தால் மசிந்துவிடும். நீ வாயைத் திறக்க வேண்டாம், கல்லைத் தொட வேண்டாம், பேரைக்கூடக் காதில் வாங்க வேண்டாம். தள்ளி நின்றுகொள், பேரை நான் சொல்லிக்கொள்கிறேன்.

அஞ்சு நிமிஷம்தான் ஆகும். எனக்கு அதை மட்டும் அரைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாயா, அம்மிணி?